பாதிக் கட்டியம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைப் பூபதிராயன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாட்டை நடத்தியவர்கள் உழுதவர்களும் நெய்தவர்களும். இவன் தன் பட்டங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பட்டங்களைத் தினமும் அவையில் உரக்கக் கூவுவதற்குக் கட்டியம் என்று பெயர். கூவுகிறவன் நல்லக்குட்டி. கடைசியில் அவன் "பராக்!" என்று சொன்ன பிறகுதான் அரசன் அரியணையில் உட்காரலாம். முந்தி உட்கார்ந்தாலும், உட்காரக் குனிந்துவிட்டு நிமிர்ந்தாலும் குலத்துக்கே ஆகாது என்பது அங்கே வழக்கம்.

நல்லக்குட்டிக்குப் பேசிய கூலி மாதம் மூன்று கலம் நெல். ஒருநாள் அரசன், "ஆகா, என்ன குரல்!" என்று அவனைப் புகழ்ந்துவிட்டான். அரண்மனை நெல்லை அளந்து கொடுக்கும் பண்டாரத்து அதிகாரி திருமேனியாருக்கு வயிறு எரிந்தது. அந்த மாதமே கூலி பாதியானது.

"ஐயா, பேசினது மூணு கலம். வீட்டுல பிள்ளைங்க பசியோட கிடக்குதுங்க."

"வாயால் செய்கிற வேலைதானே? காற்றுக்கு எதற்கடா முழு நெல்?"

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"இன்றும் வேலைக்கு வந்துவிட்டாயே! வந்தாலே ஒத்துக்கொண்டதாக அர்த்தம்."

இந்த நியாயத்துக்கு இன்றுவரை வாரிசுகள் குறையவில்லை.

மறுநாளிலிருந்து நல்லக்குட்டி காலையில் நெற்கிடங்கு வாசலில் நின்று, "கூலிக் குறைப்பை ஒத்துக்கொள்ளாமலேதான் வேலைக்குப் போகிறேன்!" என்று கட்டியக் குரலில் கூவினான். புறாக்கள் பறந்தன. திருமேனியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

சில நாளில் அண்டை நாட்டுத் தூதர் அவைக்கு வந்தார். அரசன் அரியணை முன் நின்று, உட்காரத் தயாராக முழங்காலை மடக்கினான்.

"மூவுலகும் நடுங்கும் முரட்டுச் சிங்கமே! எதிரி என்றதும்..." என்று கூவிய நல்லக்குட்டி வாயை மூடிக்கொண்டான்.

அரசன் அந்தரத்தில் நின்றான். "எதிரி என்றதும்? மேலே சொல்லடா!"

"அவ்வளவுதான் மகாராஜா. மிச்சம், குறைத்த நெல்லோடு போய்விட்டது."

"எதிரி என்றதும் ஓடிவிட்டாரோ?" என்று தூதர் பக்கத்திலிருந்தவரிடம் அக்கறையாக விசாரித்தார்.

"திருமேனி, நீயாவது முடி!" என்று அலறினான் அரசன்.

"எதிரி என்றதும்... எங்கள் மன்னர்... எங்கே என்று..."

"தேட வேண்டியிருந்ததாக்கும்," என்றார் தூதர்.

அரசனின் தொடை தந்தியடித்தது. திருமேனியார் கத்தினார்: "பிரபு, குறைத்த பிறகும் இவன் வேலைக்கு வந்தான்! அப்படியென்றால் ஒத்துக்கொண்டான்!"

நல்லக்குட்டி கைகட்டிக் கேட்டான்: "மகாராஜா இவ்வளவு நேரமாக அரைகுறையாய் நிற்கிறீர்கள். இறங்கிப் போகவில்லை. அப்படியென்றால் இப்படி நிற்க ஒத்துக்கொண்டீர்களா?"

"யாரடா ஒத்துக்கொண்டது? கால் வெடிக்கிறதடா! இதை விட்டால் உட்கார எனக்கு வேறு அரியணை எங்கே இருக்கிறது?"

"எனக்கும் கூவ வேறு அரண்மனை இல்லை மகாராஜா."

 அரசனே முதலில் சிரித்தான். சிரித்ததில் கால் இன்னும் நடுங்கியது.

"பேசிய கூலி பேசியதுதான்! பிடித்த நெல்லையும் சேர்த்துக் கொடுங்கள். அது இவன் வீடு போய்ச் சேரும்வரை திருமேனி என்னைப் போலவே நிற்கட்டும்!"

"எதிரி என்றதும் எழுந்து பாயும் ஏந்தலே, பராக்!"

தொப்பென்று உட்கார்ந்தான் அரசன். திருமேனியார் முழங்காலை மடக்கினார். நெல் வண்டியின் மாடுகள் அன்று ஏனோ மிக மெதுவாக நடந்தன.

அரசன் நீதியால் கொடுத்தான் என்று அவைப் புலவர்கள் பாடிவைத்தார்கள். நம்பாதீர்கள். முழங்கால் வலித்ததால் கொடுத்தான்.