இரண்டாவது குண்டு

சொரிமுத்துச் சாமியின் மடத்துக்கு அமாவாசைதோறும் வருகிறவர்களில் கோமதிநாயகமும் ஒருவர். டவுனில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். காட்டுப் பன்றியைச் சுடத் தடையில்லாத காலம் அது. மலையடிவாரத்தில் கிழங்கும் கடலையும் போட்டவர்கள் அவர் பட்டறையில் செய்த லீவர் துப்பாக்கியைத்தான் வாங்கினார்கள்.

விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். சுட்டதும் அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டாவின் வெறுங்கூடு வெளியே துள்ளும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். பன்றி மேலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

அன்று கோமதிநாயகம் வந்தபோது சாமி முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கோமதிநாயகம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எதிரே உட்காருவார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"கோபம் வராம இருக்க என்ன செய்யணும்?"

"யார் மேல கோபம்?"

"இந்தக் காட்டுக்காரனுவ மேலதான் சாமி. துப்பாக்கிய வாங்கிட்டுப் போயி மாட்டுத் தொழுவத்துல சாத்தி வைக்கான். எண்ணெய் போடமாட்டான். பொறவு கடை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, உங்க அப்பா செஞ்ச துப்பாக்கி மாதிரி இல்லையேங்கான். நாலு பேரு முன்னால! எங்க அப்பா ஒண்ணு செய்யுத நேரத்துல நான் பத்து செய்யுதேன். இவனுவளுக்கு எல்லாம் அவரு மாதிரி செய்யணும்னா, பாதிப் பேரு வெறுங்கையோடதான் நிப்பான். நன்றி கெட்ட சனம்."

சாமி ஒரு கிழங்கை நடுவில் பிளந்து பாதியை அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாரே தவிர, கோமதிநாயகம் தின்னவில்லை.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். மேலக்காட்டில் கிழங்கு போட்டிருக்கும் முப்பிடாதியின் மனைவி வள்ளிமயில். கையில் சாக்கு சுற்றிய நீளமான ஒன்று. அதைச் சாமியின் முன்னால் தொப்பென்று போட்டாள்.

"இதை வீட்டுல வைக்க மனசு வரல சாமி. கெணத்துல போடத்தான் போனேன். குடிக்கிற தண்ணியாச்சேன்னு இங்க கொண்டாந்தேன்."

சாக்கு விலகி லீவர் துப்பாக்கி தெரிந்தது. புதியது. வார்னிஷ் வெயிலில் பளபளத்தது.

"முப்பிடாதி எங்க தாயி?" என்றார் சாமி.

"ஆஸ்பத்திரில."

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னி எறங்கிச்சு சாமி. மொத குண்டு பட்டுச்சு. அது விழல. அவுக மேலயே திரும்பிச்சு. அவுக லீவரைத் தள்ளுனாவ. பாதியில நின்னுபோச்சு. கீழயும் போகல, மேலயும் வரல. நான் வரப்புல நிக்கேன். அவுக உலுக்குதாவ, உலுக்குதாவ, அது அசையல. ஓடுங்கன்னு கத்துனேன். அதுக்குள்ள வந்து தொடையைக் கிழிச்சிட்டு."

"உசுருக்கு?"

"ஒண்ணுமில்லைங்காவ. காலு வருமான்னு டாக்டரு இன்னும் சொல்லல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை. "நாங்க யாரு குடியக் கெடுத்தோம் சாமி?"

சாமி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"நீரு பாத்துச் சொல்லும்வே."

"அண்ணாச்சிக்குத் துப்பாக்கி பத்தித் தெரியுமா?" என்று கேட்டாள் வள்ளிமயில்.

கோமதிநாயகம் தலையை மட்டும் ஆட்டினார். துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்தார். லீவரைத் தள்ளினார். பாதியில் நின்றது. பக்கவாட்டிலிருந்து உள்ளே பார்த்தார். தோட்டாவைத் தூக்கிவிடும் நாக்கு பாதி ஏறி, ஒரு பிசிறில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது. பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அது தெரியும்.

"தூசி போயிருக்கும் தாயி," என்றார்.

"தூசியா?"

அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"அவுக கால் கழுவாமப் படுத்தாலும் படுப்பாவ, இதைத் துடைக்காமப் படுக்க மாட்டாவ. பழந்துணி கீறும்னு என் கூறைச்சேலையக் கிழிச்சுத் துடைச்சாவ. பிள்ளையத் துடைக்கிற மாதிரி துடைச்சாவ. தூசிங்கீரே!"

சாமி கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்துக் கீறினார். பழுப்பாக ஏதோ சுருண்டு வந்தது.

"இது என்னவே?"

"மெழுகு சாமி."

"எதுக்கு?"

"கட்டை சரியா உக்காராத எடத்துல... சந்து தெரியாம இருக்க."

சாமி உள்ளே விரலை விட்டுத் தடவினார். "உள்ள நாக்கு மாதிரி இருக்கே, அது ஏன் கரகரங்குது?"

"அது வார்ப்பு சாமி. வார்த்து எடுத்த பொறவு அரம் போடணும்."

"போட்டா?"

"வழுக்கிக்கிட்டுப் போகும்."

"போடலையா?"

"நேரம் பிடிக்கும் சாமி. ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து போட்டுக்கிட்டிருந்தா..."

வள்ளிமயில் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீரும் வேட்டைக்குப் போறவருதான?" என்றார் சாமி.

"போவேன் சாமி."

"எதை எடுத்துட்டுப் போவீரு?"

கோமதிநாயகம் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"அப்பா செஞ்சது ஒண்ணு வீட்டுல இருக்கு."

வள்ளிமயில் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப இதைச் செஞ்சது நீருதானா?" என்றாள் வள்ளிமயில். அண்ணாச்சி என்ற மரியாதை போய்விட்டது. "உமக்கு அது, எங்களுக்கு இதா? பன்னி என்ன, ஆளு பாத்தா வருது? பட்டறைக்காரரு வந்திருக்காரு, மெதுவாப் பாய்வோம்னு அதுக்குத் தெரியுமா? வெளிய கண்ணாடி மாதிரி பூசத் தெரிஞ்ச மனுசனுக்கு உள்ள ஒரு தேய் தேய்க்கக் கை வரலயா? அவுக அதை நம்பித்தானய்யா எதுத்து நின்னாவ! கையில ஒண்ணுமில்லன்னா மரத்துல ஏறியிருப்பாவளே!"

கோமதிநாயகம் சாமியின் முகத்தைப் பார்த்தார். சாமி அவளை அமர்த்துவார் என்று நினைத்தார். சாமியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை வருடத்தில் அவர் சாமியை அப்படிப் பார்த்ததில்லை.

"சாமிக்கும் கோபம் வருமா?" என்றார் மெதுவாக.

"இதுக்கு வராம வேற எதுக்குவே வரும்?"

கோமதிநாயகம் எழுந்து கைகூப்பினார். "தப்புதான் சாமி. ஒரு மண்டலம் விரதம் இருக்கேன். மடத்துக்குக் கூரை மாத்தித் தாரேன்."

"கூரை ஒழுகல."

சாமி வள்ளிமயிலிடம் திரும்பினார். "இப்பக் காட்டுக்கு யாரு காவல்?"

"நாந்தான் சாமி. தகரத்தைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அடிபட்ட பன்னி?"

"ஓடைக்குள்ளதான் கெடக்கு. உறுமுது."

"உனக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியும். அவுக சொல்லிக் குடுத்திருக்காவ."

சாமி கோமதிநாயகத்தைப் பார்த்தார். "போயி எடுத்துட்டு வாரும்."

"எதை சாமி?"

"உங்க அப்பா செஞ்சதை."

கோமதிநாயகம் டவுனுக்குப் போனார். வீட்டில் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்தவர் அதை மறுபடி மாட்டினார், மறுபடி எடுத்தார். அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கட்டை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தது. வேறு ஏதாவது கேட்டிருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கி மடம் வரைக்கும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

வெயில் தாழ்வதற்குள் வந்துவிட்டார். வள்ளிமயில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு லீவரைக் கீழே தள்ளினாள், இழுத்தாள். சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி தள்ளினாள், இழுத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி போய் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"இப்படியும் செய்யலாம்லா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

சாமியைக் கும்பிட்டுவிட்டு, இருட்டுமுன் காட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். கோமதிநாயகத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரும் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஏதோ ஒன்று முடிந்த மாதிரி பெருமூச்சு விட்டார்.

சாமி தரையைக் காட்டினார். சாக்கின் மேல் அந்தப் புதுத் துப்பாக்கி கிடந்தது.

"அதை யாரு எடுப்பா?"

"பட்டறைக்குக் கொண்டுபோயி உருக்கிடுதேன் சாமி. கண்ணுல படாது."

"உருக்க வேண்டாம். இனி வேட்டைக்குப் போறப்ப அதைத்தான் நீரு எடுத்துட்டுப் போகணும்."

கோமதிநாயகம் குனிந்து எடுத்தார். கை பழக்கத்தில் லீவரைத் தள்ளியது. பாதியில் நின்றது. அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"சாமி," என்றார். "பன்னி முன்னால வந்து நிக்கையில இது சிக்கினா?"

சாமி பனங்கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சிக்காம செய்யத் தெரிஞ்சவரு நீருதானவே."