நத்தை தின்ற காளான்

மலையடிக் காட்டில் மருதி என்றொரு சருகுமான் இருந்தது. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும், கொம்பும் கிடையாது. மருதிக்கு ஒரே குட்டி. பால் மறந்து, அப்போதுதான் தரையில் கிடப்பதைக் கொறிக்கப் பழகியிருந்தது.

அந்த வருஷக் கோடை காட்டைக் காய்ச்சி எடுத்துவிட்டது. அத்தியும் காய்க்கவில்லை, நெல்லியும் காய்க்கவில்லை. குட்டிக்கு விலா எலும்பு தெரிந்தது. பசிக்கிறது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் தாயின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பெற்றவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

ஒருநாள் இடி இடித்து மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் காடு முழுக்கக் காளான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நத்தை கடித்த தடம் இருந்தால் அந்தக் காளானைத் தின்னலாம். தடம் இல்லாவிட்டால் தொடக்கூடாது. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ! அதனால்தான் பிழைத்தோமா, இல்லை ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைத்தோமா என்று ஒருவரும் யோசித்ததில்லை.

மருதி குட்டியை மெல்ல நடத்திக்கொண்டு புறப்பட்டது. வழியில் கண்ட காளான் எதிலும் தடம் இல்லை. ஒரு மரத்தடியில் வெள்ளை வெளேரென்று ஒற்றைக் காளான் குடை விரித்து நின்றது. ஓரத்தில் நத்தை கடித்த தடம். மருதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த வழியாக ஒரு முள்ளம்பன்றி வந்தது. கிழங்கு தோண்டியே வயிறு வளர்ப்பது. எதையும் அடியைத் தோண்டிப் பார்க்காமல் வாயில் வைக்காது. ஓடைக்கு அந்தப் பக்கம் கரையான் புற்றில் நல்ல காளான் முளைத்திருக்கும் என்று அது சொன்னது. அதைப் புற்றுக்குள்ளே கரையான்களே வளர்க்கின்றன. அதன் தண்டு வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும், அதுதான் அடையாளம். ஓடையில் வெள்ளம் வடியட்டும், சாயங்காலம் நானே கொண்டுவருகிறேன் என்றும் சொன்னது.

"சாயங்காலம் வரைக்கும் என் பிள்ளை தாங்காது, அண்ணே."

"அப்படியென்றால் இதன் அடியையாவது தோண்டிப் பார், தங்கச்சி. மண்ணுக்குள் பை மாதிரி இருந்தால் விஷம், விட்டுவிடு. நான் தோண்டட்டுமா?"

பசி வந்தால் சந்தேகமும் கூடவே வரும். தோண்டுகிற சாக்கில் இவனே தின்றுவிடுவான் என்று மருதி நினைத்தது. காளானை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. பக்கத்து இலையில் நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அதைக் கூப்பிட்டு மருதி விசாரித்தது. ராத்திரியே தான்தான் தின்றதாகவும், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் நத்தை சொன்னது. முள்ளம்பன்றி அதற்குமேல் வற்புறுத்தாமல் போய்விட்டது.

மருதி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. மொத்தத்தையும் குட்டிக்கே ஊட்டியது.

குட்டி எழுந்து நின்றது. மத்தியானம் துள்ளி விளையாடியது. சாயங்காலம் முள்ளம்பன்றி சொன்னபடியே புற்றுக் காளானோடு வந்தது. மருதி குட்டியைக் காட்டி, பார்த்தீர்களா என்று சிரித்தது. முள்ளம்பன்றி சிரிக்கவில்லை.

விடிவதற்குள் குட்டி வாந்தி எடுத்தது. வயிற்று வலியில் துடித்தது. மருதி நக்கிக் கொடுத்தது, ஓடைத் தண்ணீரை வாயில் மொண்டு வந்து ஊற்றியது. ஒன்றும் பலிக்கவில்லை. வெயில் ஏறும்போது குட்டியின் மூச்சு அடங்கிவிட்டது.

மருதி நேரே அந்த மரத்தடிக்குப் போனது. காளான் இருந்த இடத்தைக் குளம்பால் இரண்டு உதை உதைத்தது. அவ்வளவுதான், மண் விலகியது. உள்ளே வெள்ளையாகப் பை மாதிரி ஒன்று இருந்தது.

நத்தை மெல்ல ஊர்ந்து வந்தது. "நான் பொய் சொல்லவில்லையே, மருதி. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"நீ பொய் சொல்லவில்லை," என்றது மருதி. "என் பிள்ளையின் வயிற்றுக்கு ஆகுமா என்று உன் வயிற்றைக் கேட்டேன் பார், அது என் தப்பு."

அடுத்தவருக்கு ஒத்துக்கொண்டதே என்று நம்பி, தானே சோதித்துப் பார்க்காமல் ஒன்றை ஏற்றுக்கொண்டால், அதற்கான விலையை நம்மை நம்பியிருப்பவர்கள் கொடுக்க நேரிடும்.