என்னை எடுக்காதே என்ற உளி

வெகு காலத்துக்கு முன்னால், மரங்களுக்கு இன்னும் காது கேட்டுக்கொண்டிருந்த நாளில், ஆலங்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் மேற்கு ஓரத்தில் கட்டைமலை என்று ஒரு மலை. அந்த மலைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. போகாதவர்களும் அதன் பெயரை உரக்கச் சொல்வதில்லை.

மலையடிவாரத்தில் கொம்பையா என்ற தச்சனும் அவன் தங்கை செண்பகவடிவும் இருந்தார்கள். வடிவு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணன் மரம் அறுப்பான், தங்கை இழைப்பாள். அண்ணன் பலகை சேர்ப்பான், தங்கை மூலைகளைக் கோப்பாள். அவள் கோத்த மூலைக்குள் எறும்பு நுழைய இடம் இருக்காது.

ஒருநாள் காலையில் கொம்பையா வேங்கை மரம் வாங்கிவர மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனான். மத்தியானம் வண்டி மட்டும் வந்தது. மாடுகளின் வாயில் நுரை. வண்டியில் அண்ணனின் தலைப்பாகைத் துணி ஒரு மூட்டையாகக் கிடந்தது. வடிவு அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே மரச்சீவல். ஒரு சீவலை எடுத்தாள். கதகதவென்று இருந்தது. அது கையில் ஒடிந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

சீவலைத் திரும்பத் துணியில் வைத்து முடிந்து, தன் உளிப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டித் தடத்தைப் பிடித்து நடந்தாள். தடம் கட்டைமலைக்குப் போனது.

மலை வாசலில் ஒரு கல்தூண். அதைத் தாண்டியதும் இடுப்பில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. பைக்குள் கைவிட்டாள். உளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் செந்துருப் பொடியாகிவிட்டன. சாணைக்கல் ஒன்றுதான் முழுசாக இருந்தது. இரும்பு செத்துப்போகிற இடத்துக்குள் அவள் வெறுங்கையோடு போனாள்.

மேலே ஒரு மாளிகை. சுவர், தரை, கூரை எல்லாம் மரம். நடக்கும்போது தரை முனகியது. கூடத்தின் நடுவில் ஒரு பெட்டி; சிவந்த வேங்கைப் பெட்டி. அதன் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். காய்ந்த விறகுபோல உடம்பு, கன்னத்தில் வெடிப்பு, வெடிப்புக்குள் இருட்டு. உலர்மேனியான் என்ற மந்திரவாதி அவன்தான்.

"வா, ஆசாரிப் பெண்ணே," என்றான். விறகு பிளக்கிற சத்தம் மாதிரி இருந்தது அவன் குரல். "அண்ணனைத் தேடித்தானே வந்தாய்? இதோ இருக்கிறான். தொட்டுப் பார்."

வடிவு பெட்டியின்மேல் கை வைத்தாள். பலகைக்கு அடியில் தொப்புத் தொப்பென்று துடித்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் அண்ணனை விட்டுடுங்க," என்றாள்.

"விடலாம். இந்த மூலையைப் பார். புறா வால் மாதிரி விரிந்த பல்லும் பல்லுமாகக் கோத்திருக்கிறேன். பல்லுக்கு நடுவே மூன்று கருங்காலி ஆப்பு இறுக்கியிருக்கிறேன். மூன்றையும் வெட்டி எடுத்தால் பெட்டி திறக்கும். உன் அண்ணன் எழுந்து வருவான். ஆனால் சிவப்பு மரத்தில் உளி பட்டால் அது அவன் சதை. தெரிந்ததா?"

"உளி?"

அவன் கையை வீசிக் காட்டினான். அப்போதுதான் வடிவு சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க உளிகள்; அவன் மந்திரத்தால் பொடியாகாமல் நின்ற இரும்பு. நூறு இருக்கும். ஒவ்வொரு பிடியிலும் ஒரு முகம். மூக்கும் கண்ணும் வாயுமாக, மரத்தில் செதுக்கின மாதிரி. செதுக்கினவை இல்லை. அந்தக் கண்கள் அவளைப் பார்த்துத் திரும்பின.

"ஒன்றை எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று. அது உடைந்தாலும் சரி, சூரியன் அந்த மேற்கு ஜன்னலின் கீழ்க்கட்டையைத் தொட்டாலும் சரி, நீயும் இந்தச் சுவரில் ஒரு பிடி. உளியை அடிக்க மரக் கொட்டாப்புளி அங்கே இருக்கிறது. பெரியது. நன்றாக ஓங்கி அடிக்கலாம்." கொட்டாப்புளி என்றபோது அவன் நாக்கு உதட்டை நக்கியது.

"என்கிட்ட ஒரு சாணைக்கல் இருக்கு. அதை வச்சுக்கலாமா?"

"கல்லா? வைத்துக்கொள்," என்று சிரித்தான்.

அவள் சுவரை நெருங்கியதும் சுவர் முழுக்கக் கூவத் தொடங்கியது. "என்னை எடு, என்னை எடு, என்னை எடு." அவன் மந்திரம் அப்படிக் கூவ வைத்தது. வடிவு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் பார்த்தாள்.

முதலில் ஒரு தங்கப்பூண் போட்ட உளி. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. "என்னை எடு. என்னைவிட அழகானது இங்கே உண்டா?" என்றது. வடிவு அதன் அலகின் முதுகைச் சாணைக்கல்லின்மேல் படுக்க வைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உளிக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் இப்படியும் அப்படியும் ஆடியது. மினுக்கி மினுக்கி முதுகை உருட்டிவிட்டிருந்தார்கள். முதுகு தட்டையாக இல்லாத உளி நேராகப் போகாது. கோணிக்கொண்டு அண்ணன் சதைக்குள் இறங்கும். அதை மாட்டிவிட்டாள்.

அடுத்தது தந்தப் பிடி போல வெளுத்த ஒன்று. கனமான இரும்பு அலகு. "என்னை எடு. ஆயிரம் அடி தாங்குவேன்," என்றது. முதுகு தட்டைதான். ஆனால் பக்கங்கள் இரண்டும் வெட்டுவாய்வரைக்கும் சுவர்போலத் தடித்து நின்றன. புறா வால் மூலையில் பல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்த இடுக்குக்குள் தடித்த பக்கம் போனால் இரண்டு பக்கத்துச் சிவப்பு மரமும் நசுங்கும். அதையும் மாட்டிவிட்டாள்.

மூன்றாவது ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. "நான் ஏழை. என்னை யார் எடுப்பார்கள்?" என்று முணுமுணுத்தது. வடிவுக்கு மனசு இளகியது. எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் கல்லில் நாலு தேய் தேய்த்தாள். துருவுக்குக் கீழே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், வாய் விளிம்புவரைக்கும். குழி விழுந்த வாய் முதல் கருங்காலியிலேயே பல் பல்லாக உதிரும்.

பின்னால் உலர்மேனியான் நாக்கைச் சப்புக் கொட்டினான். "வந்தவர்களில் பாதிப்பேர் அதைத்தான் எடுத்தார்கள். அழுக்காக இருந்தால் நல்லதாக இருக்கும் என்று நினைப்பு. அவர்கள் எல்லாம் மேல் வரிசையில் இருக்கிறார்கள்."

சூரியன் ஜன்னலின் பாதிக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்தாள், பார்த்தாள், மாட்டினாள். ஒன்றின் அலகு பிடிக்கு நேராக இல்லை. ஒன்றைத் தட்டினால் ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம். எல்லாம் கூவின. "என்னை எடு, என்னை எடு."

ஒன்று மட்டும் கூவவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. வடிவு அதைக் கையில் எடுத்தாள். கல்லில் படுக்க வைத்தாள். வெளிச்சம் புகவில்லை; ஆடவும் இல்லை. பக்கங்கள் இரண்டும் வாயை நெருங்க நெருங்க மூங்கில் இலை விளிம்புபோலச் சரிந்து மெலிந்திருந்தன. விரல் நுனியால் சுண்டினாள். கோயில் மணியின் கடைசி நாதம் மாதிரி நின்று ஒலித்தது. கட்டைவிரல் நகத்தில் உளியின் வாயை வைத்தாள். வழுக்காமல் கவ்வியது.

இதுதான் என்று அவள் மூச்சு விட்டபோது, உளி கண் திறந்தது.

"என்னை எடுக்காதே, தாயி," என்றது. அவள் காதுக்கு மட்டும் கேட்கிற குரல். "நான் நல்ல உளிதான். அதனால்தான் சொல்றேன். என் பேரு அனந்தப்பன். பாத்திரக்காரன். மலை வழியா வந்தவனைப் பிடிச்சு இந்த அலகுக்குப் பிடியாக்கிட்டான். என்னை எடுத்தவங்க எல்லாம் கொட்டாப்புளியால அடிச்சாங்க. ஒவ்வொரு அடியும் என் மண்டையில விழுது. அடி விழ விழ அவன் முகம் தளிர்க்கும். அதைத் தின்னுதான் அவன் உயிரோட இருக்கான். எனக்கு இன்னொரு அடி தாங்காது. பயமா இருக்கு தாயி."

வடிவு பிடியின் தலையைப் பார்த்தாள். நசுங்கி, நார் நாராகப் பிளந்திருந்தது.

"உங்களை அடிக்க மாட்டேன்," என்றாள்.

"அடிக்காம கருங்காலியை எப்படி வெட்டுவே?"

"தள்ளி வெட்டுவேன். அடிக்க மாட்டேன்."

பெட்டி முன்னால் மண்டியிட்டாள். இடது கைவிரல் இரண்டை அலகின்மேல் வைத்து வழி காட்டினாள். வலது உள்ளங்கையால் தள்ளினாள். கருங்காலியிலிருந்து ஒரு மயிரிழை எழுந்தது. இன்னொரு மயிரிழை. அவ்வளவுதான்.

"இந்த வேகத்தில் போனால் அடுத்த மாசம் முடிப்பாய்," என்றான் உலர்மேனியான். "கொட்டாப்புளியை எடு. ஒரே அடி."

"அடிக்க மாட்டேன்."

முதல் ஆப்பு தூளாகி வெளியே வந்தபோது சூரியன் ஜன்னலின் கால்பங்குக்கு இறங்கியிருந்தது. வடிவின் கால்விரல்கள் மரத்துப்போயின. குனிந்து பார்த்தாள். மரத்துப்போகவில்லை, மரமாகியிருந்தன. நகத்தில் ரேகை ஓடியது.

இரண்டாவது ஆப்பு. தள்ளியபோது உளி ஒரு நெல்லளவு விலகிச் சிவப்பு மரத்தைத் தொட்டது. ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். "அண்ணே, மன்னிச்சுக்கோ," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உளியின் வாயைப் பார்த்தாள். கூர் போயிருந்தது. கூர் இல்லாத உளியைத் தள்ளினால் இன்னும் விலகும். அவள் வேலையை நிறுத்திவிட்டுச் சாணைக்கல்லில் எச்சில் துப்பித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"பொழுது போகிறது, நீ உளி தீட்டுகிறாயா?" அவன் குரல் கீச்சிட்டது. "அடி, பெண்ணே. கொட்டாப்புளியை எடுத்து அடி."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். அவன் கன்னத்து வெடிப்பு கழுத்துவரை ஓடியிருந்தது. அவள் வந்ததிலிருந்து ஒரு அடியும் விழவில்லை. அவனுக்குப் பசி.

"அடிக்க மாட்டேன்," என்று சொல்லித் தேய்த்தாள். முதுகை ஒரு தேய், சரிவை ஐந்து தேய். மறுபடி தள்ளியதும் இரண்டாவது ஆப்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஆப்பில் ஒரு கணு. இரும்பு மாதிரி கணு. அவள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஜன்னலில் ஒரு விரல்கடை வெளிச்சம் பாக்கி. தள்ளினாள், அசையவில்லை. மறுபடி தள்ளினாள், அசையவில்லை.

"அடி, தாயி," என்றது அனந்தப்பன் குரல். அது அழுதுகொண்டிருந்தது. "ஒரு அடிதானே. நான் தாங்கிக்கிறேன். உன் அண்ணன் பொழைச்சுப் போகட்டும்."

கொட்டாப்புளி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பொய் சொல்வானேன், வடிவு அதைப் பார்த்தாள். கையை அந்தப் பக்கம் ஒரு ஜாண் நீட்டவும் நீட்டினாள். உலர்மேனியான் வாயைத் திறந்துகொண்டு நெருங்கி வந்தான். அந்த வாய்க்குள் இருந்த ஆவலைக் கண்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பிடியின் தலையைத் தன் நெஞ்சுக்குழியில் வைத்தாள். இரண்டு கையாலும் அலகைப் பிடித்துத் திசை வைத்தாள். மரமாகிப்போன இடுப்பின் கனம் முழுவதையும் முன்னால் சாய்த்தாள். நெஞ்செலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. அவள் மூச்சும் அனந்தப்பன் மூச்சும் ஒன்றாக முட்டின. கணுவுக்குள் மெல்ல, மிக மெல்ல, உளி இறங்கியது. கருங்காலி இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது.

சூரியன் கீழ்க்கட்டையைத் தொட்டது. பெட்டி திறந்தது.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உலர்மேனியானின் வெடிப்பு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஓடியது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லுக்குப் பதில் இற்றுப்போன தூள் கொட்டியது. காற்று வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. சுவரிலிருந்து மற்ற அலகுகளெல்லாம் கலகலவென்று உதிர்ந்தன. பிடி இருந்த இடத்தில் ஆட்கள் நின்றார்கள். சிலர் தங்கள் கையைத் தாங்களே தடவிப் பார்த்தார்கள். சிலர் உட்கார்ந்து அழுதார்கள். வடிவின் கால்கள் மறுபடி சதையாகியிருந்தன; மடியில் உளிப்பிடி இல்லை. நரைத்த மீசையோடு ஒரு மனிதர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தார்.

"முடிஞ்சுது," என்றாள் வடிவு. "கையை எடுங்க. யாரும் அடிக்க மாட்டாங்க."

அவர் கையை எடுக்க வெகுநேரம் ஆனது. அதுவரை அவளும் நகரவில்லை.

பெட்டி இருந்த இடத்தில் கொம்பையா எழுந்து உட்கார்ந்தான். காது மடலில் நெல்லளவு ஒரு கீறல், ரத்தம் காய்ந்திருந்தது.

"நீதானா வெட்டினது?" என்று கேட்டான்.

"நான்தான். வலிச்சுதா அண்ணே?"

"ஒரு தடவை." காதைத் தொட்டுப் பார்த்தான். "அப்புறம் வலிக்கலை. ஆனா பயமா இருந்துச்சு. யார் கையில என்ன உளி இருக்கோன்னு."

அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். நெஞ்சில் வலித்தது, விடவில்லை.

நூறு பேரும் மலை இறங்கி வந்ததை ஆலங்கோட்டை ராஜா கோட்டை மதிலிலிருந்து பார்த்து, எதிர்கொண்டு வந்தார். வடிவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நூறு பேரில் பலருக்குப் போக வீடு இல்லை. அவர்கள் காணாமற்போய் அத்தனை வருஷம். அவர்களுக்கு வீடு கட்ட மரம் வேண்டும் என்றாள். ராஜா கட்டைமலைக் காட்டையே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுக் கதவின் மூலையையும் வடிவு கோத்தாள். அனந்தப்பனின் வாசற்கதவை மட்டும், ஆணி அடிக்காமல், அடிச் சத்தமே எழாமல், பதினோரு நாள் தள்ளித் தள்ளி வெட்டிக் கோத்துக் கொடுத்தாள்.

அந்தத் தெருவில் எல்லாரும் பயமில்லாமல் தூங்கினார்கள். கேட்ட நீங்களும் அப்படியே தூங்குங்கள்.