மூன்று பொந்தில் ஒரே முள்

ஒரு காட்டில் செவத்தி என்று ஒரு முயல் இருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும். அதற்கு ஒரே ஒரு குட்டி.

ஒரு கோடையில் அந்தக் காடு எரிந்துபோயிற்று. தின்ன இலையில்லாமல், காயத்துக்கு மருந்தில்லாமல் நிறைய உயிர் போயிற்று. அதற்குப் பிறகு தலைவர் கரடி எல்லாரையும் பெரிய பாறையடியில் கூட்டியது.

“இந்தப் பாறையில பொந்துக்குக் குறைவில்ல. யாரும் நிரப்பலாம். ஆபத்துன்னா யாரும் எடுக்கலாம். உள்ள என்ன இருக்கோ அதோட இலையை வாசல்ல செருகிடுங்க. அதுதான் அடையாளம்” என்றது கரடி.

“வேர் தோண்டி நகம் தேயிறது நான். இலையைச் செருகினா யாரு வச்சதுன்னு எப்படித் தெரியும்? நான் என் முள்ளைத்தான் செருகுவேன்” என்றது முள்ளம்பன்றி.

“சரி, உனக்கு அப்படி.”

“என்னுது பாம்புக்கடி மருந்து. பாம்புச் சட்டையைத் தொங்கவிட்டா எதுக்குன்னு தெரிஞ்சிடும்” என்றது கீரி.

“சரி, உனக்கு அப்படி.”

“உங்க பொந்துக்கு என்னங்க ஐயா அடையாளம்?” என்றது குரங்கு.

“என் பொந்து தெரியாதவன் இந்தக் காட்டுல இருக்கானா?”

எல்லாம் சிரித்தன. செவத்திக்கு மட்டும் மனசுக்குள் உறுத்தியது. ஆளுக்கொரு மாதிரி வைத்தால், அவசரத்துக்கு ஓடி வருகிறவள் எதைப் பார்த்து எடுப்பாள்? கேட்கலாம் என்று மூக்கைத் தூக்கியது.

“என்னம்மா, தும்மல் வருதா?” என்றது குரங்கு.

செவத்தி தலையைக் குனிந்துகொண்டது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் குட்டி ஊமத்தங்காயைக் கடித்துவிட்டது. வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. விஷத்தை முறிக்கும் வேர் முள்ளம்பன்றியிடம் உண்டு என்று செவத்திக்குத் தெரியும். குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஓடியது.

மூன்று பொந்தில் முள் இருந்தது. மூன்றும் ஒரே மாதிரி முள்.

முதல் பொந்தில் கிழங்கு. மற்ற இரண்டிலும் புகை போட்டுக் காயவைத்த வேர். நிறம் ஒன்று, வாசனை ஒன்று. ஒன்று மருந்து. இன்னொன்று கறையானைக் கொல்ல வைத்த விஷ வேர் என்று செவத்தி கேள்விப்பட்டிருந்தது.

பாறைமேல் கரடி படுத்திருந்தது. “ஐயா, இதுல எதுங்க மருந்து?” என்றது செவத்தி.

“முள் இருக்கிறதுதான்” என்றது கரடி.

“ரெண்டுலயும் இருக்குங்களே.”

“அப்ப வச்சவனைப் போய்க் கேளு.”

முள்ளம்பன்றி ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. குட்டியைப் பாறையடியில் கிடத்திவிட்டு, இடுப்பளவு வெள்ளத்தில் விழுந்து எழுந்து போனது செவத்தி.

“அண்ணே, எந்தப் பொந்துல மருந்து?”

“முள்ளு சாஞ்சிருந்தா மருந்து. நேரா நின்னா விஷம். இதுகூடத் தெரியாதா?”

“யாருகிட்டண்ணே சொன்னீங்க?”

“யாராச்சும் கேட்டாத்தானே சொல்ல.”

செவத்தி திரும்பி ஓடி வந்தது. சாய்ந்த முள்ளைத் தள்ளி வேரை எடுத்து மென்றது. குட்டியின் வாயில் வைத்தது. குட்டி விழுங்கவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது.

செவத்தி எழுந்து மூன்று முள்ளையும் பிடுங்கிப் போட்டது. பாம்புச் சட்டையைக் கிழித்தது.

“யாரைக் கேட்டு எடுக்குற?” என்று உறுமியது கரடி.

“அன்னிக்கே கேக்க நெனச்சேன். கேக்கல. இன்னிக்கு யாரையும் கேக்கப் போறதில்ல.”

பின்னாலேயே வந்த முள்ளம்பன்றி குட்டியைப் பார்த்தது. உடனே போய், இலைகளைப் பறித்து வந்து தன் பொந்துகளில் செருகியது. கீரியும் செருகியது. கரடி மட்டும் கடைசிவரை செருகவில்லை.

எல்லாருக்கும் பொதுவாக வைக்கிற பொருளுக்கு அவரவர் இஷ்டப்படி அடையாளம் வைத்தால், உயிர் போகிற நேரத்தில் அது இருந்தும் இல்லாததுதான்.