தலைவர் படம், ஃபைனல் இரண்டு

எங்கள் நகராட்சிக்கு இணையதளம் வந்த புதிதில் நடந்தது இது. தலைவர் கோவர்த்தனம் புகார் மனு வாங்கும் ஜன்னலை மூடிவிட்டு, இனி எல்லாம் தளத்தில்தான் என்று அறிவித்தார்.

தொலைபேசி அறையில் வேலை பார்த்த தேவசகாயத்துக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை அவருடைய செல்போன்தான் படித்துச் சொல்லும்.

"எங்க மாதிரி ஆளுங்க இதுல எப்படிங்கய்யா மனுப் போடறது?" என்று தலைவரிடம் கேட்டார்.

"உலகத்தரம்யா இது! நாளைக்குத் திறப்பு விழாவுல நீயே மேடையேறி, கண் தெரியாதவங்களுக்கும் பிரமாதம்னு சொல்ற. இல்லேன்னா குப்பைக் கிடங்குக்கு மாத்திடுவேன்."

"சரிங்கய்யா."

மறுநாள் மேடையேறிய தேவசகாயம், "நான் சொன்னா பயந்து சொன்னேம்பாங்க. தளமே சொல்லட்டும்" என்று செல்போனை மைக் அருகே பிடித்தார்.

படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால், அதைச் சேமித்து வைத்த பெயரையே செல்போன் படிக்கும்; பொத்தானுக்கு எழுதாவிட்டால் வெறும் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். தளம் செய்தவர்கள் எதற்கும் விளக்கம் எழுதவில்லை. தேவசகாயம் முந்தின நாளே அதைச் செல்போனில் கேட்டு வைத்திருந்தார்.

"பொத்தான். பொத்தான். பொத்தான். படம்: தலைவர் வழுக்கை மறைத்தது, ஃபைனல் இரண்டு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"படம், பொத்தான் எல்லாத்துக்கும் விளக்கம் எழுதுங்கடா! அதுவரைக்கும் ஜன்னலைத் திறங்க!" என்று கத்தினார். பிறகு தேவசகாயத்தின் காதருகே குனிந்து, "என் படத்துக்கு என்னய்யா எழுதலாம்?" என்றார்.

"எனக்கெப்படிங்கய்யா தெரியும்? முடியோடயா, முடியில்லாமயான்னு நீங்களே சொல்லிடுங்க."