ஓணான் விற்ற குரல்

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓணானுக்குக் கணீரென்ற குரல் இருந்தது. இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? கிளுவை வேலியின் உச்சியில் உட்கார்ந்து அது ஒரு குரல் கொடுத்தால் போதும், ஆபத்து வருகிறது என்று வேலி முழுக்கத் தெரிந்துவிடும். குஞ்சு குளுவான்கள் எல்லாம் இலைக்குள் பதுங்கிக்கொள்ளும். அதனால் ஓணான் என்றால் அங்கே தனி மரியாதை.

அந்த வேலிக்குத்தான் செம்போத்து வியாபாரத்துக்கு வந்து சேர்ந்தது. சிவந்த கண், செம்பழுப்புச் சிறகு. பறக்கச் சோம்பல், கிளை கிளையாக நடந்தே போகும். வால், வரி, கொண்டை என்று அதனிடம் இல்லாத சரக்கே இல்லை. அணில் முதுகுக்கு வரி வாங்கியதும் வேலியில் பேச்சே மாறிப்போயிற்று. "சாப்பிட்டியா?" என்று விசாரித்தவர்கள் எல்லாம் "என்ன புதுசு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பழைய தோலோடு உட்கார்ந்திருந்த ஓணானுக்கு வணக்கம் வைப்பவர்கள் குறைந்தார்கள். அது ஓணானுக்குச் சுருக்கென்று தைத்தது.

முதலில் நீள வால் வாங்கியது. அதற்குப் பதிலாகத் தான் குடியிருந்த பொந்தையே கொடுத்தது. வெயிலில் காய்ந்து கிடந்தாலும் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்ததில் ஒரு பெருமை. அடுத்த முறை செம்போத்து முள்கொண்டையோடு வந்தது.

"மாப்ளே, பக்கத்து வேலி ஓணான் நேத்தே வாங்கிட்டான். உனக்குன்னு இதை எடுத்து வச்சேன்."

"குடுக்க எங்கிட்ட என்னங்க இருக்கு?"

"அந்தக் குரலைக் குடு. என்னைக்கோ ஒரு நாள் கத்துறதுக்கு அது எதுக்கு? கொண்டைன்னா தினமும் நாலு பேர் பார்ப்பாங்க."

ஓணான் கொஞ்சம் யோசித்தது. கொஞ்சம்தான். கொண்டை பிடரியில் ஏறியது, குரல் செம்போத்தின் தொண்டையில் இறங்கியது.

வேலியே திரண்டு வந்து கொண்டையைப் பார்த்தது. என்ன கொடுத்து வாங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் பேசாமல் இருந்ததைக்கூட, பெரிய ஆளாகிவிட்ட மிடுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளுக்குள் ஓணான் கூசிப்போனது.

மறுநாள் காலையில் தையல்சிட்டு வந்தது. அது கண் திறக்காத மூன்று குஞ்சுகளுக்குத் தாய்.

"அண்ணே, புழு பொறுக்கிட்டு வந்துர்றேன். நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன். செம்போத்து கண்ணு வேற சரியில்ல. கூட்டுப் பக்கம் வந்தா ஒரு சத்தம் குடுப்பீங்கல்ல?"

இல்லை என்று தலையைப் பக்கவாட்டில் அசைத்திருந்தால் போதும். சிட்டு கூட்டைவிட்டு நகர்ந்திருக்காது. ஆனால் குரல் எங்கே என்று கேட்பாளே? இந்தக் கொண்டைக்காக விற்றேன் என்று எந்த முகத்தோடு காட்டுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓணான் மேலும் கீழுமாகத் தலையை ஆட்டியது.

சிட்டு நிம்மதியாகப் பறந்துபோயிற்று.

சற்று நேரத்தில் செம்போத்து கிளைக்குள் நுழைந்து, தைத்த இலையை விலக்கியது. ஓணான் வாயை அகலத் திறந்தது. தொண்டைப் பை உப்பியது. காற்றுகூட வரவில்லை. ஓடிப்போய்ச் செம்போத்தின் காலைக் கடித்தது. ஒரே உதறலில் கீழே விழுந்தது. மேலே குஞ்சுகள் கீச்சிட்ட சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தின்று முடித்த செம்போத்து, "ஊப், ஊப்" என்று ஓணானின் குரலிலேயே கூவிக்கொண்டு போனது.

வாயில் புழுவோடு திரும்பிய சிட்டு, காலிக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பிறகு ஓணானுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. புழு வாயிலிருந்து நழுவியது.

"அண்ணே, நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

ஓணானின் ரத்தமெல்லாம் கழுத்துக்கு ஏறியது.

"பார்த்துக்கிட்டேவா இருந்தீங்க?"

இந்தத் தடவை ஓணானால் பொய் சொல்ல முடியவில்லை. அது தலையை ஆட்டியது. சிட்டு போன பின்பும் நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான், வேலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓணான் யாரைக் கண்டாலும் கழுத்து சிவந்து, ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று தலையாட்டுகிறது.