வெள்ளைச் சுவரைத் தொழுத செண்பகவடிவு அம்மையார்

பொருநை பாயும் நாட்டில் மருதங்குறிச்சி என்றோர் ஊர். அவ்வூர்த் தாலுகா அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து வாழ்ந்தார் செண்பகவடிவு அம்மையார். அது முன்னாளில் ஜமீன் அரண்மனை. அங்கே எஞ்சிய தேக்கு ஊஞ்சலையும் தந்தம் இழைத்த நாற்காலிகளையும் சுவரோவியங்களையும் பேணுவதும் அவர் பொறுப்பே. கணவரை இழந்தவர், பிள்ளையில்லை. காலையில் வந்ததும் பெரிய கூடத்துச் சுவரில் ஓவியமாய் ஆடும் அம்பலவாணரின் திருவடித் தூசியை மயிற்பீலியால் நீக்குவார். அதுவே அவருக்குப் பூசை.

நாளடைவில் ஊஞ்சல் உடைந்து தேநீர்க்கடை அடுப்புக்குப் போயிற்று. நாற்காலிகள் அதிகாரிகளின் வீடுகளுக்குப் போயின. தடுத்துப் பேசிய அம்மையாரைக் கண்டால் எழுத்தர்கள் எழுந்து நின்று, "மகாராணி வாராவ!" என்று கும்பிட்டுச் சிரித்தனர். அவர் நேரே சுவரின் முன் போய் நிற்பார்.

பிறகு கூடத்துக்கு வெள்ளையடிக்கும் உத்தரவு வந்தது. அம்மையார் தாசில்தார் சங்கரபாண்டியனின் காலில் விழுந்தார்.

"அய்யா, அந்த ஒரு செவத்த மட்டும் விட்டுருங்க. சாமி குடியிருக்காரு."

"பாதிப் படம் உரிஞ்சு கெடக்கும்மா. ஆபீசு ஆபீசு மாதிரி இருக்க வேண்டாமா?"

ஆட்கள் வாளியோடு ஏணியில் ஏறியபோது, அம்மையார் ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்று அண்ணாந்து கெஞ்சினார். வெள்ளையடிக்கும் மட்டையிலிருந்து தெறித்த சுண்ணாம்பு இரு கண்களிலும் விழுந்தது. பார்வை போயிற்று, வேலையும் போயிற்று.

ஆயினும் வருவதை அவர் நிறுத்தவில்லை. தட்டுத்தடுமாறி வந்து வெறுஞ்சுவரை முந்தானையால் துடைப்பார்.

"அங்க என்ன இருக்குன்னு தொடைக்கிய?" என்று கேலி செய்தார் ஓர் எழுத்தர்.

"உள்ள எங்கய்யன் இருக்காருல்லா. மூச்சு முட்டுமேன்னு தொட்டுப் பாக்கேன்."

ஆண்டுகள் கழிந்தன. கட்டடம் பழுதென்று இடிக்க முடிவாயிற்று. இடிக்கும் நாளன்று செய்தி கேட்டு வந்த அம்மையாரை, தலை நரைத்திருந்த சங்கரபாண்டியனே கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

"அவருக்குப் போக்கிடம் இல்லையே அய்யா" என்றார் அம்மையார்.

அம்மையார் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். "அப்பனே, ஒன்னயக் காப்பாத்த எனக்கு ஏலலையே" என்று வாய்விட்டு அழுதார். அப்போது சில்லிட்டிருந்த சுண்ணாம்பு மெல்ல வெதுவெதுத்தது. கைக்கடியில் ஒரு பாதம். அதில் சிலம்பு அசைந்தது.

"வடிவு, எமக்குப் போக்கிடம் இல்லை என்றாயே. உன் நெஞ்சு இருக்கிறதே!"

கண் திறந்தது. "அய்யா, ஆடுதாரு... பாருங்க, ஆடுதாரு!" என்றபடியே அம்மையார் மூச்சடங்கிச் சரிந்தார். தாங்கிப் பிடித்த சங்கரபாண்டியனுக்கு வெள்ளைச் சுவர் ஒன்றே தெரிந்தது.

மாலையில் அதுவும் மண்ணாயிற்று. இடிபாட்டில் ஒரு துளி வண்ணத்தையும் எவரும் காணவில்லை. காக்க இயலாத போதும் கைவிடாத அந்த அன்பின் அடிகளை நம் தலைமேல் கொள்வோம்.